குடைக்காரன் பெண்சாதி

குடைக்காரன் விளையாட்டின் ஆறு பாகங்களில் எது நல்ல பாகம், எது குப்பை என்று இணையத்தில் விடிய விடிய அடித்துக்கொள்கிறவர்கள் யாரும் அவரோடு குடித்தனம் நடத்தியவர்கள் இல்லை. நான் நடத்தியிருக்கிறேன். கிராபிக்ஸ் எப்படி, கதை எப்படி என்று அவர்கள் மார்க் போட்டுக்கொண்டிருக்கும்போது, எந்தப் பாகத்தில் அவர் வீட்டு வேலைக்கு ஒத்தாசையாக இருந்தார், எந்தப் பாகத்தில் என் பேச்சு அவர் காதில் ஏறவே இல்லை என்பதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. எனக்கு அலுத்துவிட்டது. ஒருமுறை முழுக்கச் சொல்லிவிட்டு இதோடு விட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடி. அப்பா லியோன் மச்சாது துறைமுகத்தில் பாரம் தூக்கும் விஞ்ச் ஓட்டினார். சரக்கு இறக்க வந்த ஒரு கப்பலின் சமையல்காரன், அப்பா கொடுத்த கருவாட்டுக்குக் கைமாறாக ஒரு டிவி கேமையும் ஒரே ஒரு கேசட்டையும் கொடுத்துவிட்டுப் போனான். கேசட் மேல் எழுதியிருந்தது எந்தப் பாஷை என்று தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. குடை பிடித்த ஓர் ஆளின் படம் போட்டிருந்ததால் குடைக்காரன் என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். பள்ளத்தைத் தாண்ட வேண்டும், குடையை விரித்து மிதக்க வேண்டும், வலது பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தால் ஒரு கலங்கரை விளக்கம் வரும், வந்ததும் அது அதற்கப்பால் இன்னொரு இடத்துக்குப் போயிருக்கும். இடது பக்கம் மட்டும் போக முடியாது. வந்த வழியே திரும்புவது என்கிற ஏற்பாடு முதல் பாகத்தில் கிடையாது.

டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த வயது எனக்கு. ஒரு சனிக்கிழமை மத்தியானம், கடைசிக் கட்டத்தில், கலங்கரை விளக்கம் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வராமல், நான் வலது பொத்தானை அமுக்கிப் பிடித்தபடியே இருந்தேன். அவர் திரையின் ஓரம் வரை போனார், ஓரத்தைத் தாண்டினார், டிவி பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் பூச்சாடியை ஒரே குதியில் கடந்து, அலமாரித் தட்டில் நடந்து, தரையில் இறங்கியபோது ஆள் உயரத்துக்கு வளர்ந்து, வாசலைப் பார்க்கப் போய்விட்டார். அடுப்பங்கரையிலிருந்து அம்மா யாரது என்று கேட்டாள். குடைக்காரன் என்றேன். கூட்டிப் பெருக்கின தரையில் செருப்போடவா நடந்தான் என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் மீன் கழுவப் போய்விட்டாள்.

எங்கள் வாசலுக்கு வலது என்பது கிழக்கு. கிழக்கே தெரு முடிந்தால் கடல். அவர் கோழிகளைத் தாண்டி, உலர்ந்துகொண்டிருந்த வலைகளைத் தாண்டி, சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்களின் தலைகளைத் தாண்டி நேராகத் தண்ணீருக்குள் நடந்தார், மூழ்கினார், சின்னதாக ஒரு மெட்டு கேட்டது, பிறகு எங்கள் வாசலில் விட்டு விட்டு மின்னியபடி வந்து நின்று, மறுபடியும் கிழக்கே நடந்தார். எதிர்வீட்டு பிலோமி அக்கா கரையில் நின்று மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தவள், செத்தவனே தன்னைத் தாண்டிக் கடலுக்குப் போவதைப் பார்த்ததும், கொண்டையை முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு வாரத்துக்குள் தெருவுக்கு அது பழகிப்போயிற்று. கரையில் வேலையாயிருந்த ஆண்களுக்கான சோற்றுத் தூக்குச்சட்டியைப் பெண்கள் அவர் கையில் மாட்டிவிட்டார்கள், அவர் தண்ணீரைத் தொடுவதற்குள் யாராவது கழற்றிக்கொண்டார்கள்.

ஆனாலும் தன்னைத் தானே மாய்த்துக்கொள்வது பாவம், அதை ஒருவன் நம் கண் முன்னே தினமும் செய்ய விடலாமா என்று கோயில் கமிட்டியில் பேச்சு வந்தது. எங்கள் ஆட்கள் நல்லது செய்யக் கிளம்பினால் யாரிடமும் கேட்க மாட்டார்கள். பழைய வள்ளங்களையும் உப்பு மூட்டைகளையும் அடுக்கித் தெருக்கோடியில் சுவர் எழுப்பினார்கள். அவர் சுவரில் முட்டியபடி நின்ற இடத்திலேயே நடந்தார்; காலையிலிருந்து மத்தியானம் வரை நடந்தார்; விளையாட்டில் அவருக்கென்று விதித்த நேரம் தீர்ந்ததும் அங்கேயே விழுந்து செத்து, எங்கள் வாசலில் எழுந்து, மறுபடியும் வந்து முட்டினார். கடலிலே செத்தபோது குளித்த மாதிரியாவது இருந்தது, இப்போது அதுவும் இல்லையே என்று பிலோமி அக்கா சொன்னாள். சுவரை எடுத்துவிட்டார்கள்.

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. என் விரல் அமுக்கினால்தான் குதிக்கிறவர் என்று அவ்வளவு நாள் நினைத்திருந்தேன். நான் எதையும் அமுக்காமல், எங்கள் வாசலில் கிடந்த உரலை அவராகவே குதித்துத் தாண்டியதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கு டைப்ரைட்டிங் வகுப்பில் எல்லாம் தப்பும் தவறுமாக அடித்தேன்.

இரண்டாம் பாகத்தையும் ஒரு கப்பல்காரன்தான் கொண்டுவந்தான். எங்கள் டிவியில் நான் அதைப் போட்டு விளையாட ஆரம்பித்த நிமிஷத்தில் தெருவிலிருந்து கூச்சல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் பாதி வழியில் நின்றிருந்தார். நின்று, மேற்கே திரும்பினார். திரும்பும்போது அவர் சட்டைப்பை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாறிவிடும், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாதா கோயில் மேற்கே இருந்தது. தெருவே அவருக்குப் பின்னால் நடந்தது. பங்குத் தந்தை ரெமிஜியுஸ் அப்போது இளைஞர், எதற்கும் பதறாதவர்; சொந்த ஊர் எது, தாய் தகப்பன் யார் என்று முறைப்படி கேட்டுவிட்டு, பதில் வராததால் வராததாகவே வைத்துக்கொண்டு, இஞ்ஞாசி என்று பெயரிட்டு ஞானஸ்நானம் கொடுத்தார். புதிய பாகம் எங்கள் வீட்டு டிவியில் ஓடினால் அவர் மாறுவார் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. பழைய பாகத்தைத் திரும்பப் போட்டால் பழையபடி ஆகமாட்டார். போட்டும் பார்த்தோம், திரையில் யாரோ ஓர் ஆள் சும்மா ஓடினான்.

மூன்றாம் பாகத்தில் அவருக்கு முதுகு வந்தது. அதுவரை பக்கவாட்டில் நின்றால் காகிதம் போலிருந்த மனிதர், கதவிடுக்கில் போய் நின்றால் தேடிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும். முதுகு வந்த பிறகுதான் அப்பா கல்யாணத்துக்குச் சம்மதித்தார். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். மூன்றாம் ஞாயிறு பிலோமி அக்கா எழுந்து, தனக்கு ஆட்சேபணை ஒன்றுமில்லை, ஒரு சந்தேகம்தான் என்றாள். சாவு பிரிக்கும்வரை என்று சொல்லித்தானே கட்டிவைக்கிறீர்கள், இந்தப் பிள்ளை நேற்றுக்கூட படியிலிருந்து தவறிச் செத்தானே, அப்படியானால் ரெக்சலின் வாரத்துக்கு எத்தனை தடவை தாலி கட்டிக்கொள்ள வேண்டும் என்று என்னைக் காட்டிக் கேட்டாள். கோயிலே சிரித்தது. ஃபாதர் சிரிக்கவில்லை. ஒரு வாரம் யோசித்து, திரும்ப எழுந்திருக்காத சாவுதான் கணக்கு என்று தீர்ப்புச் சொன்னார். பீடத்தின் முன்னால் சம்மதமா என்று கேட்டபோது என் மாப்பிள்ளை வாய் பேச முடியாததால் ஒரு குதி குதித்தார்.

நாலாம் பாகத்தைப் பற்றிப் பேச எனக்கு இஷ்டமில்லை. அதில் அவருக்குக் குரல் வந்தது, ஏதோ ஒரு சீமைப் பாஷையில், வருஷக்கணக்கில் ஒரே ஏழெட்டு வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கள் தமிழை அவர் படித்துக்கொண்டது தெருவில், மீன் ஏலத்தில், என்னோடு போட்ட சண்டைகளில். குழந்தை இல்லை. அது எந்தப் பாகத்திலும் வரவில்லை. முதலில் டாக்டர்களிடம் போனோம், அப்புறம் வேளாங்கண்ணிக்குப் போனோம், அப்புறம் போவதை நிறுத்திவிட்டோம். நான் உப்புக் கம்பெனி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன்.

ஐந்தாம் பாகம் வந்தபோது எங்கள் தெரு கொண்டாடித் தீர்த்தது. உலகம் முழுக்கவும் அதைத்தான் கொண்டாடினார்கள். பெரிய நிலப்பரப்பு, எங்கே வேண்டுமானாலும் போகலாம், வழியில் உதவி தேவைப்படுகிறவர்களின் தலைக்கு மேல் மஞ்சளாக ஒரு குறி மின்னும், அவர்கள் வேலையை முடித்துக்கொடுத்தால் அது அணையும். அந்தப் பாகத்தை நான் போட்டதிலிருந்து அவர் கண்ணுக்கு ஊரில் எல்லார் தலைமேலும் மஞ்சள் மின்னியது. கேஸ் சிலிண்டர் தூக்கினார், ரேஷன் வரிசையில் நின்றார், காணாமல்போன ஆட்டைத் தேடினார், பேசாமலிருந்த அண்ணன் தம்பிகளுக்கு நடுவே தூது போனார். காலையில் கொத்தமல்லி வாங்க அனுப்பினால் பொழுது சாயும்போது ஊருக்கெல்லாம் உழைத்த களைப்போடு, கொத்தமல்லி இல்லாமல் வருவார். ஊராருக்கு அவர் தங்கமான மனுஷன். ஊருக்கு உழைக்கிறவனைக் கட்டிக்கொண்டவளைத்தான் கேட்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனது அந்த வருஷங்களில்தான். அம்மா இறந்த மூன்றாம் நாள், நான் அடுப்பங்கரையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவர் பிலோமி அக்கா வீட்டுக் குழாயை மாட்டிக்கொடுத்துவிட்டு வந்தார். என் தலைக்கு மேல் ஏதாவது தெரிகிறதா என்று கேட்டேன். கவனமாகப் பார்த்தார்.

“ஒண்ணும் இல்லியே ரெக்சி,” என்றார். “நீ ஒண்ணும் கேக்கலியே.”

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அதற்கப்புறம் பல வருஷம் நான் எதுவும் கேட்கவும் இல்லை.

ஆறாம் பாகம் நாங்கள் ரசிகர்கள் கேட்டு வாங்கிய பாகம். எங்களுக்கு வயதாகிறது, எங்கள் ஆளுக்கும் வயதாக வேண்டும், குதித்து விளையாடியது போதும், வாழ்க்கையின் வலி தெரிய வேண்டும் என்று உலகம் முழுக்க எழுதினார்கள். கம்பெனிக்காரர்கள் கேட்டதைக் கொடுத்தார்கள். நரைத்த தாடி வைத்தார்கள், முதுகுவலி வைத்தார்கள், நெஞ்சில் ஒரு வியாதி வைத்தார்கள். பழைய பாகங்களைப்போல விழுந்து விழுந்து எழுகிற வேலையே கிடையாது, இதில் ஒரே உயிர்தான் என்று பெட்டியின் மேலேயே பெருமையாக அச்சடித்திருந்தார்கள். அருமையான பாகம். விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள், நானும் விளையாடும்போது இரண்டு இடத்தில் அழுதேன். அழுதுவிட்டு எழுந்துபோய் அவருக்கு வெந்நீர் வைத்தேன், ஏனென்றால் உள்ளே இருமல் ஆரம்பித்துவிட்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆறாம் பாகத்தில்தான் எனக்குப் புருஷன் கிடைத்தார். மஞ்சள் குறி அவர் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. தெருக்கோடிவரை நடந்தாலே மூச்சு வாங்கியதால் வீட்டிலேயே இருந்தார். நான் ஆபீஸிலிருந்து வரும்போது வெங்காயம் உரித்து வைத்திருப்பார். என்னைப் பார்த்து, முகம் ஏன் வாடியிருக்கிறது, மேனேஜர் ஏதாவது சொன்னாரா என்று கேட்பார், நான் ஆபீஸ் கதைகளைச் சொல்லச் சொல்லக் கேட்டு, யார் யார் அயோக்கியர்கள் என்று சரியாகச் சொல்வார். முதல் நாள் எங்கள் வாசலில் வந்து நின்றது, நான் தாவணியில் நின்றது, அப்பா அவரை மாப்பிள்ளை என்று முதல்முதலில் கூப்பிட்டது எல்லாவற்றையும் என்னைவிட நன்றாக ஞாபகம் வைத்திருந்தார். என் வீட்டில் என் சிறுவயதை அறிந்த வேறு ஆள் யாரும் மிச்சமில்லை. வருஷம் போகப்போக இருமலில் ரத்தம் வந்தது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். நெஞ்சுக்கூட்டுக்குள் பழைய கேசட் ஆட்டத்துப் படம்போலச் சின்னச் சின்னச் சதுரங்களாகத் தெரிந்தது. வெளிச்சத்துக்கு எதிரே ரொம்ப நேரம் பிடித்துப் பார்த்துவிட்டு, சளிக்கு எழுதிக்கொடுத்தார்.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனி அறிவிப்பு வந்தது. ஏழாம் பாகம் இல்லை. முதல் பாகத்தையே புதிதாகச் செய்திருக்கிறார்கள். குடைக்காரன் மறுபடியும் வாலிபன், முகத்தில் ஒரு கோடு கிடையாது, தமிழ் உள்படப் பல பாஷைகளில் பேசுவான். இதற்கு முன் நடந்த எதுவும் நடக்கவில்லை, எல்லாம் முதலிலிருந்து என்று விளம்பரத்தில் ஒரு கனத்த குரல் சொன்னது. அதைக் கேட்டு உலகம் கைதட்டியது.

அதுவரை ஒவ்வொரு பாகமும் முந்தைய பாகத்தின் தொடர்ச்சி, அதனால் அவருக்கு எங்களைத் தெரிந்திருந்தது. இது அப்படியில்லை. போட்டால் பிழைப்பார், என்னைத் தெரியாது. போடாவிட்டால் என்னைத் தெரிந்தபடியே சாவார், திரும்ப எழுந்திருக்கமாட்டார். இதைத் தெருவில் எல்லாரும் ஒரே நாளில் புரிந்துகொண்டார்கள். கோயில் ஹாலில் கூட்டம் போட்டார்கள். கேசட் காலத்திலிருந்து புதிய பாகம் வந்தால் தெருவே கூடிப் பேசுவது வழக்கம், எப்போதும் கறிச்சோற்று விருந்து மாதிரி கலகலப்பாக இருக்கும், இந்த முறை யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இளவட்டங்கள் போடலாம் என்றார்கள். பெரியவர்கள் சுற்றிவளைத்து அதையே சொன்னார்கள். பிலோமி அக்கா கம்பை ஊன்றி எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஆளு இருந்தா போதும்ட்டி,” என்றாள். “உன்னத் தெரியுதோ தெரியலியோ, தெருவுல நடமாடிட்டுத் திரிவாம்லா.”

“ஒங்களுக்குத் தெருவுல திரிஞ்சா போதும்க்கா,” என்றேன். “எனக்கு வீட்டுக்குள்ள வேணும்.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஃபாதர் ரெமிஜியுஸ் ஓய்வுபெற்ற குருக்கள் இல்லத்தில் இருந்தார். போய்ப் பார்த்தேன். போட்டால் நான் யார் என்று கேட்டேன். அவன் சாகவில்லை, அதனால் நான் விதவை இல்லை என்றார். ஓலை வாசித்ததும் தாலி கட்டியதும் நடக்கவே இல்லை என்கிறவன் புருஷனா என்றேன். சபைச் சட்டத்தில் இதற்கு இடமில்லையம்மா என்றார். அந்தக் காலத்தில் ஒரு வாரம் யோசித்து ஒரு பதில் கண்டுபிடித்தவர், இப்போது யோசிக்கத் தெம்பில்லை என்று அவராகவே ஒத்துக்கொண்டார். ஜெபிக்கிறேன் என்று சொல்லி, பஸ் ஸ்டாப் வரை கூட வந்தார்.

புதிய விளையாட்டை வாங்கிப் பீரோவில் துணிக்கடியில் வைத்திருந்தேன். போடுவதாக இல்லை. என் புருஷன், என் ஞாபகம், என் வீட்டிலேயே முடியட்டும் என்று ஒரு பிடிவாதம். யாருக்கும் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கிற சென்மமா நான் என்று கோபமும் இருந்தது. ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து, அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கரண்டியை விலக்கினார்.

“ரெக்சி, நான் எத்தனையோ தட செத்திருக்கேன். கடல்ல, பள்ளத்துல, படியில. ஒருதடகூட பயந்ததில்ல.” மூச்சு வாங்கி நிறுத்தினார். “இப்பம் பயமா இருக்கு.”

பீரோவில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. போடு என்று அவர் சொல்லவில்லை. என்னிடம் எதையும் கேட்டுப் பழகாத மனுஷன். நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். என் பிடிவாதமெல்லாம் அந்த ஒரு முகத்துக்கு முன்னால் நிற்கவில்லை. அவர் முகத்தைத் துடைத்து, வெள்ளை வேட்டி கட்டிவிட்டு, கட்டிலை டிவி பக்கம் நகர்த்தினேன். அவர் என் கையைப் பிடித்திருந்ததால் ஒரு கையால்தான் எல்லாம் செய்ய முடிந்தது. ரொம்ப அழகாகச் செய்திருந்தார்கள். வானம் நிஜ வானமாக இருந்தது. புதிய ஆட்டம் என்று தமிழிலேயே எழுதியிருந்தது. அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். அமுக்கினேன்.

என் கையைப் பிடித்திருந்த கை இளசாகி, வழவழப்பாகி, மரியாதையாகத் தன்னை விடுவித்துக்கொண்டது.

மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். துக்கம் விசாரிப்பதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல், சிலர் சாவு வீட்டுக்குக் கொண்டுவருவதுபோலப் பிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்தார்கள், சிலர் இனிப்புக்கு மக்ரூன் வாங்கி வந்தார்கள், வந்தவர்கள் எல்லாரும் சுவரோரம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெளியே அவன் பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருந்தான். வள்ளத்துக்கு வள்ளம் தாவுகிற சத்தமும், அதைப் பார்த்துத் தெரு சிரிக்கிற சத்தமும் உள்ளேவரை கேட்டது. இருமல் சத்தம் இல்லாத வீட்டில் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. சரி, வயிறு என்று ஒன்று இருக்கிறதே என்று எழுந்து குழம்பு வைத்தேன்.

பொழுது இறங்கும்போது வாசலில் வந்து நின்றான். எல்லார் வீட்டு வாசலும் அவனுக்கு ஒன்றுதான், எங்கள் வீட்டில் குழம்பு மணத்தது, அவ்வளவுதான். உள்ளே வா என்றேன். உட்காரவைத்துப் பரிமாறினேன். கல்யாணமான நாளிலிருந்து மீன் தலையை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டுத்தான் அவர் சோற்றில் கை வைப்பார், எந்தப் பாகத்திலும் அது மாறியதில்லை. இவன் தலையையும் சேர்த்து ருசித்துத் தின்றான். நல்ல பசி. மூச்சு சத்தமே இல்லாமல் வந்து போனது, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வந்தது, மிளகாய் என்று சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியம்கூட இல்லை, அவன் கவனிக்கவில்லை. தட்டு காலியானதும் சுவர்களையும், கொடியில் காய்ந்த வேட்டியையும், கட்டிலையும் ஒரு சுற்றுப் பார்த்தான். டிவி விளம்பரத்தில் பேசுகிற சுத்தமான தமிழில் கேட்டான்.

“அக்கா, உங்கள் கணவர் எங்கே?”

இன்னொரு துண்டு மீனை எடுத்து அவன் தட்டில் வைத்தேன்.

“அவிய ஒரு வேலையா வெளிய போயிருக்காவ,” என்றேன். “நீ சாப்பிடு.”